கூட்டத்தில் கத்துகிறவன்

மூன்று மாத வாடகைப் பாக்கிக்கு
அங்கமுத்து விட்டுப்போனது
ஒரு ரெக்கார்ட் பிளேயரும் ஒரே ஒரு இசைத்தட்டும்.
எஸ்டேட் மேனேஜர் ஒருவர் பங்களாவைக் காலிசெய்த அன்று
சுமைகூலிக்குப் பதிலாக அவனுக்கு வந்ததாம்.
கடன் இப்படித்தான் மலையேறுகிறது,
கைமாறிக் கைமாறி.

கோத்தகிரிப் பூசணம்
அட்டையிலிருந்த கிதார்காரனின் பெயரைத் தின்றுவிட்டது.
மிச்சம் ஒரு தோள், நனைந்த சட்டை,
கிதாரின் கழுத்தைப் பிடித்த இடதுகை.
கீழே நவம்பர், வெள்ளிக்கிழமை.
ஏதோ ஊர், ஏதோ அரங்கம்.
வந்தவர்களில் பாதிப்பேர் இருமுகிறார்கள்.
அங்கேயும் குளிர்தான் போல.

அவன் பாடுவது எனக்குப் புரியாது.
கம்பியை மேலே தள்ளி நிறுத்துவான் பாருங்கள்,
ஒரு சுரம் அடுத்த சுரத்தின் வாசல்வரை போய்
கதவைத் தட்டாமல் நிற்கும்,
அது புரியும்.
கேட்கப்போன கடனைக் கேட்காமல்
நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

துணைமின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர் நான்.
குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு இருபதடியில் டிரான்ஸ்பார்மர்,
இரவெல்லாம் ஒரே சுரத்தில் உறுமும்.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
அவன் ஆம்ப்ளிபயரும் உறுமும்.
இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் ஊர் மின்சாரம்
நொடிக்கு அறுபது முறை துடிக்கும், நம்முடையது ஐம்பது.
சி.எஸ்.ஐ. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ஜெபசீலி
தயிர் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று சொன்னாள்:
"உங்க டிரான்ஸ்பார்மர் சட்ஜம்,
அந்தாளு பெட்டி சின்ன காந்தாரம்.
ரெண்டும் சேந்தா துட்டி வீடு மாதிரி இருக்கு."
சொன்னாளே தவிர
அந்தப் பக்கம் முடியும்வரை போகவில்லை.

உண்மையில் நான் காத்திருப்பது கிதாருக்கு அல்ல.
இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.
எல்லாம் சட்டென நிற்கும்.
நான்கு தட்டு வெறுமை.
அரங்கமே மூச்சைப் பிடித்திருக்க
பின்வரிசையில் ஒருவன் பொறுக்கமாட்டாமல்
"ஏஏய்!" என்பான்.
அதற்குப் பிறகுதான் கிதார் உள்ளே வரும்,
இவன் உத்தரவு கொடுத்ததுபோல.
இவன் பெயரைத் தின்னப் பூசணமும் தேவைப்படவில்லை.
எந்த அட்டையிலும் அது இருந்ததில்லை.

போன ஐப்பசியில் அரவேனு பக்கம் மண் சரிந்து
ஏழு கம்பம் போயிற்று.
முப்பத்தோரு மணி நேரம் இருட்டு.
போஜனும் இன்னும் இரண்டு பேரும்
மேலே, தேயிலைக்குள், கயிறு கட்டிக்கொண்டு.
நான் பேனல் முன்னால், போனைப் பார்த்தபடி.
அவன் வாயால் சொல்லாமல் பிரேக்கரைத் தொடக்கூடாது.
தொட்டால், கம்பியில் இருப்பது அவன்.

எத்தனை தட்டு என்று எண்ணவில்லை.

இரண்டு பத்துக்கு அடித்தது.
"ஆளெல்லாம் எறங்கியாச்சு. விடுங்க சார்."
"எல்லாருமா?"
"எல்லாரும்தான். விடுங்க."
விட்டேன்.

ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவில்
மூடுபனிக்குள் மஞ்சள் மஞ்சளாய் ஊறியது வெளிச்சம்.
பள்ளத்துக்கு அப்பாலிருந்து,
தூங்காமல் கிடந்த எவனோ ஒருவன்:
"ஏஏய்!"

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
02.14, அரவேனு ஃபீடர், நார்மல்.
கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

விடிந்து வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டேன்.
நிறுத்தம். அவன் கத்தினான்.
அவனை ஒட்டி, மிக அருகில்,
ஒரு பெண் சிரிப்பது கேட்டது,
"சும்மா இரேன்" என்று முழங்கையால் இடிப்பதுபோல.
இத்தனை வருடம் எங்கே இருந்தாள் இவள்?
ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன்.

முழங்கால்வரை சேறோடு போஜன் வந்து நின்று
டீ இருக்கா என்றான்.
இரு, இரு என்று கையைக் காட்டினேன்.
இதோ,
இப்போது கத்தப்போகிறான்.