இருநூற்றுப் பத்துக் கிலோ

அலுமாரியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே
நாடாவை விட்டு அளந்தான் நஃபீல்.
"பதினொரு சென்ரிமீற்றர். பத்தரைக்குச் செய்வம்.
மிச்ச அரை கறளுக்கு விடுங்க."

போன மாரியில் உட்துறைமுக வீதித் தண்ணீர்
கதவைத் தட்டாமல் வந்தது.
முதலில் கணுக்கால், பிறகு கெண்டைக்கால்.
நாலு பேர் பிடித்தோம்.
இரும்பு அலுமாரி ஒரு மூலையால் மட்டும்
எழும்பிப் பார்த்துவிட்டு
திரும்ப இருந்துகொண்டது.
கீழ்த்தட்டுப் பற்றரிகள் குமிழி விட்டன.
மூன்று மணித்தியாலம்
பதினெட்டுப் படகுகள் கடலில் நின்று
என்னைக் கூப்பிட்டிருக்கும்.
கேட்காததை எப்படிப் பதிவது?
பதிவேட்டின் அந்தப் பக்கத்தில்
நேரம் மட்டும் இருக்கிறது.

சில்லுப் பூட்டலாம், என்றார் இஞ்சினியர் விதானகே,
ஆனால் சில்லில் நிற்கக் கூடாது.
நிற்கும்போது கால். ஓடும்போது சில்லு.
தன் தமிழில்தான் சொன்னார்.
இலக்கணம் பிழை, கணக்குச் சரி.

ஆகவே கழற்றிப் பூட்டும் வண்டி:
ஜமாலியாவில் ஒட்டிய சட்டம்,
உடைந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் நாலு சில்லு,
இரண்டு கொளுக்கி,
மிதித்தால் உயர்த்தும் ஒரு நெம்பு.
கீறி வைத்த செய்முறைக் காகிதத்தை
முற்றத்தில் கல்லுக்கு அடியில் வைத்தோம்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் தின்றுவிட்டது.
மூன்றாம் படிக்குப் பிறகு என்னவென்று
அதற்குத்தான் தெரியும்.

வண்டி உள்ளே போனது. கொளுக்கி விழுந்தது.
மிதித்தோம்.
அலுமாரி நாலு காலையும் தூக்கிக்கொண்டு
தரைக்கு ஒரு விரல் மேலே நின்றது.
நஃபீல் சின்னி விரலால் தள்ளினான்.
வந்தது,
முழு அறையையும் தன்னோடு கூட்டிக்கொண்டு.

மேட்டு அறை வாசலில் நின்றுவிட்டது.
நிலைப்படி. இரண்டு விரல் உயரம்.
தினமும் தாண்டுகிற அதைக்
கால் அறிந்திருந்தது,
நாடா அறியவில்லை.

அப்போதுதான்
பற்றரியில் உயிரோடிருந்த பெட்டி பேசியது.
"நிலையம், நிலையம். தங்கச்சி, கேக்குதா?"
திருக்கடலூர் நாகமணி அண்ணன்.
அன்ரெனா வயரில் பத்தடி சுருள் விட்டிருந்தேன்;
குனிந்து மைக்கை எடுத்தேன்.
காற்று வடக்கு. எண்ணெய் குறைவு.
பதிவேடு பழைய அறையில்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
பிறகு அவர்,
"என்ன அங்க கடகடவெண்டு சத்தம்?
நீங்கள் எங்க நிக்கிறியள்?"

பதினொரு வருசமாக நான் கேட்கிற கேள்வி.
இரவு, விடியப்புறம், புயலறிவிப்பு நேரம்,
அகலாங்கு நெட்டாங்கோடு
எல்லோரும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

"வாசல்ல நிக்கிறம் அண்ணன்.
பலகை ஒண்டு தேடுறம்."

கடலில் ஒருவர் சிரித்தால்
ஸ்பீக்கரில் அது
சட்டியில் உப்பு வறுக்கும் சத்தம்.

மீன்பெட்டிப் பலகை கிடைத்தது.
முன்சில்லு ஏறியது, பின்சில்லு யோசித்தது, ஏறியது.
ஒருமுறை போய் ஒருமுறை திரும்பினோம்.
இப்போது அலுமாரி தன் பழைய இடத்தில்
தன் காலில் நிற்கிறது,
ஒன்றும் நடவாததுபோல்.
வண்டி சுவரோடு, சங்கிலி போட்டு.
ஐஸ் பெட்டி இழுக்க ஏற்கெனவே
இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

மாரிக்கு இன்னும் ஆறு கிழமை.
பலகையில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்:
இதை எடுக்க வேண்டாம்.
இது வாசலுடையது.