கூரைத் துளை

அல்வெர்கா, மூன்றாம் ஹேங்கர். பிப்ரவரி.
நாற்பது வயது ஹெர்குலிஸின் நெற்றியிலிருந்து
முப்பத்தாறு முள்வட்டங்களைக் கழற்றினேன்.
அந்த இடத்தில் ஐந்து திரைகள்.
கம்பிக் கற்றையில் மட்டும் நூற்றுத்தொண்ணூறு கிலோ குறைந்தது.

வழிகாட்டியின் இருக்கையும் போயிற்று.
அவர் நட்சத்திரம் பார்த்த கூரைத் துளையை
வட்டத் தகடு வைத்து, பதினாறு ரிவிட் அடித்து மூடினேன்.
வரைபடம் அப்படித்தான் சொன்னது.

மே மாதம் விமானம் அசோர்ஸ் போய்வந்தது.
குறைப்பதிவேட்டில் ஒரே ஒரு குறிப்பு,
லோட்மாஸ்டர் எர்மெலிந்தாவின் கோணல் கையெழுத்தில்:
"திரைகள் அற்புதம். துளை எங்கே?
குழாயை அதில் செருகினால்
வானமே தரையைப் பெருக்கித் தரும்.
இப்போது பிஸ்கட் தூளில் நடக்கிறோம்."

பதில் பத்தியில் என்ன எழுத?
பேனாவை மூடித் திறக்கிறேன்.

கடைசியில் ஒரு துடைப்பம் கேட்டு
வேறொரு படிவம் எடுத்தேன்.
அது பாகத்தின் எண் கேட்கிறது.