உன் எத்தோ

ஆம்பூர் பைபாஸ். ஷிப்ட் விட்டு
கம்பெனி பஸ் மூன்றும் புகைவிட்டுப் போன பிறகு
முக்தார் பாய் பேக்கரியில் நிற்கிறேன்,
விரல் இடுக்கில் இன்னும் சொலுஷன் பசை.

கண்ணாடி ஜாடியில் நீளநீளமாய்க் குச்சி ரொட்டி.
மெஷின் பூட்ட வந்த ரென்சோ
தவக்காலம் முழுக்கப் பிரியாணி தின்று வயிறு கெட்டு
செல்போனில் படம் காட்டிச் செய்யச் சொன்னது.
அவர் ஊர்ப் பக்கம், தொரீனோவில்,
கையால் உருட்டினால் அதற்கொரு பேர்,
இழுத்தால் வேறொரு பேர்.
பாய் உருட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை,
ரஸ்க் மாவைக் கத்தியால் கீறி
கருஞ்சீரகம் தூவிவிட்டார்.
கடித்த ரென்சோ வெகுநேரம் பேசவில்லை.
பிறகு இன்னொன்று எடுத்தார்.

மூன்று வாரப் பயிற்சிக்கு என் பெயர் போயிருந்தது.
ஜாப் கார்டின் பின்புறம்
இருபது வாக்கியம், தமிழெழுத்தில்.
ஒற்று வரும் இடத்தில் ஊன்றி நிற்க வேண்டுமாம்.
கன்னத்துக்கும் கனத்துக்கும்
வித்தியாசம் தெரிந்த வாய்க்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா?

விசா நேற்று வந்தது.
ஜி.எம்.மின் மச்சானுக்கு.
தோல் வாடை பட்டாலே தலைவலி வருகிற மனுஷன்.

இருபதில் ஏழாவது, ரொட்டிக் கடையில் சொல்வது.
செலவழிக்காமல் வைத்திருந்து என்ன செய்ய?
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
“வொர்ரேய் உன் எத்தோ தி க்ரிஸ்ஸீனி, பெர் ஃபவோரே.”

பாய் இடுக்கியோடு நிமிர்ந்தார்.
“யார் எட்டு?”
“உன் எத்தோ.”
“என் எட்டா? சரி, எட்டு.”
எண்ணி எண்ணிக் காகிதத்தில் அடுக்கினார்.
“தீன்னு ஏதோ சொன்னியே, சூடா வேணுமா?
அடுப்ப அணைச்சாச்சும்மா.”

எத்தோ என்றால் நூறு கிராம், பாய்.
சொல்லவில்லை. தராசைக் காட்டினேன்.
சிவப்பு எண் தடுமாறித் தடுமாறி
தொண்ணூற்றிரண்டில் நின்றது.

குறைவது எட்டு.

நான் சிரித்த சிரிப்பில்
பன் வாங்க வந்த பையன் தள்ளிப் போய் நின்றான்.
“என்ன பிலோமி, போனஸ் போட்டாங்களா?”
ஜாடியின் அடியில் துழாவி
ஒடிந்த துண்டு ஒன்றை மேலே போட்டார். நூற்றிமூன்று.
முப்பது ரூபாய்.

“க்ராத்ஸியே” என்றேன். அது எட்டாவது.
“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார்,
புரிந்தவர் போல.

துத்திப்பட்டு ஷேர் ஆட்டோவில்
மடியில் பொட்டலம். நன்றாகவே உடைகிறது.
பல்லிடுக்கில் கருஞ்சீரகம்.
மீதி பதினெட்டு வாக்கியம்.
ரயில் எந்த மேடைக்கு வரும் என்று கேட்பது
அதில் ஒன்று.
ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் பக்கம் போவேன்.