தடை: ஒரு தையல் மெஷின்

அவென்யூ ரோட்டிலேயே ஜீப்பை விட்டுவிட்டு நடந்தோம்.
சிக்பேட்டையின் இந்தச் சந்துக்குள்
எங்கள் வண்டி நுழையாது.
நுழையாது என்பதையும் எழுதவேண்டும், முதல் கட்டத்தில்.

நாலு மாடி. மூன்றுவரை பட்டு,
நாலாவதில் அட்டைப்பெட்டியும் மத்தியானச் சோறும்.
தீயணைப்பான் பன்னிரண்டு என்றார் மேனேஜர் கல்பேஷ்.
எண்ணினேன், ஒன்பது.
ஒன்றின் கழுத்தில் ஆயுதபூஜைக்குப் போட்ட செவ்வந்தி
காய்ந்து நாராகியிருந்தது.
முள் சிவப்பில் கிடந்தது.
பொட்டு வைத்த விரல் அதைத் தாண்டித்தான் போயிருக்கும்.

மீட்டர் போர்டுக்கு அடியில் அகல்.
ஹொன்னப்பா கும்பிட்டார்,
பிறகு திரியை அமர்த்தினார்.

பின்படிக்கு டேப்பை நீட்டினேன்.
சுவருக்குச் சுவர் ஒன்றரை மீட்டர், சரி.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் எழுபது சென்டிமீட்டர்.
மிச்சத்தில் ஒருவர் உட்கார்ந்து
புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்.
மிதிப்பதை நிறுத்தாமல்
ஒரு முழங்காலை மட்டும் ஒதுக்கி வழிவிட்டார்.

"யார் இவர்?"
"நம்ம ஆள் இல்லை மேடம். வாடகை."
படிக்கட்டுக்கு வாடகை.

எழுதினேன்:
தடை. தையல் மெஷின் ஒன்று, முக்காலி ஒன்று, மின்விசிறி ஒன்று.
ஆளை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

படி இறங்கி முடிகிற இடத்தில் கதவு. பூட்டு.
"பீகத கை எல்லி?" என்றேன்.
கன்னடத்தில் சாவிக்குப் பூட்டின் கை என்று பேர்.
இத்தனை வருஷம் சொல்லியும்
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.
செக்யூரிட்டி புதுசு. பழையவர் சில்சாருக்குப் போய்விட்டார்.
நாலு நிமிஷம்.
கல்லாவின் டிராயர் மேசைமேல் கொட்டப்பட்டது:
சேஃப்டி பின், செல்லாத நோட்டு, யார் வீட்டுச் சாவியோ ஐந்து.
ஏழு நிமிஷம்.
முதலாளிக்குப் போன். ஜோத்பூரில் கல்யாணம்,
போனுக்குள்ளிருந்து மேளம்தான் பதில் சொன்னது.
பட்டு எரிந்தால் முடி கருகுகிற வாசனை வரும்.
அதை நான் சொல்லவில்லை.
கல்பேஷ் என் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

பதினோராவது நிமிஷம் மேலே மெஷின் சத்தம் நின்றது.
"சாவியா தேடறீங்க? எங்கிட்ட இருக்குதும்மா."
தமிழில். பெயர்ப்பட்டையில் பொற்கொடி என்று படித்திருக்கிறார்.

பாபின் டப்பாவுக்குள் இருந்தது, சிவப்பு நூல் கட்டி.
தேசிங்கு. அந்தத் திருப்பத்தில் ஒன்பது வருஷம்.
"வாட்ச்மேனுங்க மாறிக்கினே இருக்கறாங்க.
நான் ஒருத்தன்தான் எப்பவும் இங்க. நானே வச்சிக்கினேன்.
வாரத்துக்கு ஒருவாட்டி மெஷின் எண்ணெ ரெண்டு சொட்டு உடுவேன்."
"ஏன் சொல்லவில்லை?"
"யாரும் கேக்கலியே."

முதல் திருகலில் திறந்தது.
உள்பக்கமாகத் திறந்தது. அதுவும் தப்பு, எழுதினேன்.

எழுதியதை அடிக்க முடியாது, கார்பன் வைத்து மூன்று நகல்.
பதினைந்து நாளில் படி காலியாக வேண்டும்.
பூட்டுக்குப் பதில், உள்ளிருந்து
தள்ளினால் திறக்கிற தாழ்.
சாவியே தேவைப்படாத கதவு.
இந்த வரியை எழுதும்போது
பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

தேசிங்கிடம் நானே சொன்னேன்.
கேட்டாரா தெரியவில்லை.
ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப்
பகல் வெளிச்சம் அந்தத் திருப்பம்வரை ஏறியிருந்தது.
மடியிலிருந்த புடவையை அதில் பிடித்துப் பார்த்தார்.
"அட, இது கிளிப்பச்சை. நான் பாசிப்பச்சை நூல் போட்டுட்டேன்"
என்று பல்லால் முடிச்சைக் கடித்துப்
பிரிக்க ஆரம்பித்தார்.

கதவைச் சாத்தப் போன கல்பேஷை
இருக்கட்டும் என்றேன்,
அவர் பிரித்து முடிக்கும்வரை.