முப்பது கிராம்

ஹாப்சலு அஞ்சலகத்தில் இரண்டாவது ஜன்னல் எனக்கு.
ஒன்பது மணியிலிருந்து ஊராரின் பொட்டலங்களை எடை போடுகிறேன்:
பின்லாந்துக்குப் போகும் கம்பளிக் காலுறைகள்,
பழுதாகித் திரும்பும் துளைப்பான்,
ஒருமுறை, குலுக்கினால் மணல் சரிந்த ஒரு பெட்டி.
உள்ளே என்ன என்பது என் வேலையில்லை.
எண் வரும். முத்திரை விழும்.
வரிசையில் நின்றவர்களையும் எடை போட்டிருக்கிறேன்,
வாய் திறக்காமல்.
இந்த வயசிலும் அவளுக்கு இடுப்பு இருக்கிறதே என்று.

வீட்டிலும் ஒரு தராசு.
இருபத்தாறு வருடம் கறுப்பு ரொட்டியை
முப்பது கிராமுக்குச் சீவினேன்.
முப்பத்திரண்டு வந்தால்
ஓரத்தைக் கிள்ளி வெளியே எறிவேன்.
எங்கள் தெருக் கடற்காகங்கள்
என் மன உறுதியைத் தின்று கொழுத்தவை.

முட்டைக்கோஸ் சூப் ஆண்டு என்று ஒன்று இருந்தது.
ஆறு மணிக்குமேல் வாய் மூடிய ஆண்டு.
பழுப்பு நிறம் எதையும் தொடாத ஆண்டு,
அப்போது நாடே பழுப்பாகத் தெரிந்தது.
இளைத்துவிட்டாய் என்று யாராவது சொன்னால்
அன்றிரவு உருளைக்கிழங்கு கிடையாது.
யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால்
மறுநாளும் கிடையாது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியவர்கள்
வீடு வாங்கினார்கள், படகு வாங்கினார்கள்.
நான் சேர்த்தது பதினோரு நோட்டுகள்.
இந்த்ரெக் பிறந்த நாளின் பக்கத்தில்
சூப் அரைக் கிண்ணம், ஆப்பிள் பாதி என்றிருக்கிறது.
எத்தனை மணிக்குப் பிறந்தான் என்று இல்லை.
அவனுக்கே இப்போது தாடி.

பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்,
முதல் ஜன்னல் ஹெல்யே
கிரீம் பிதுங்கும் பன்களைத் தட்டில் கொண்டுவந்தாள்.
பனியில் சறுக்கிவிட்டு ஊரே அதைத்தான் தின்னும் அன்று.
"பசிக்கிறதா, உர்வே?"
பதில் சொல்லக் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள்.
"அதில் என்ன போட்டிருக்கிறது?"

பன்னைத் தின்றேனா என்று கேட்பீர்கள்.
பையில் வைத்துக் கொண்டுபோய்க் காரில் தின்றேன்,
விளக்கை அணைத்துவிட்டு, திருடியைப் போல.
பிறகு கடைக்குத் திரும்பினேன்.
சாக்லேட் பூசிய தயிர்க்கட்டிகள், ஒன்பது.
மார்ச் முழுக்க அப்படித்தான்.
இருபத்தாறு வருடப் பாக்கியை
வட்டியோடு வசூலித்தது வயிறு.

தராசின் பாட்டரி தீர்ந்தது அந்த மாதக் கடைசியில்.
வாங்கத்தான் போனேன். கையிலும் எடுத்துவிட்டேன்.
நீள வரிசை. முன்னால் நின்ற சிறுவன்
வாழைப்பழத்தைப் பாதியில் நிறுத்தி
அப்பாவிடம் நீட்டினான்.
முகத்தில் ஒன்றும் இல்லை, வெற்றிகூட.
எப்படிச் செய்தான் அதை?
பாட்டரியைச் சூயிங்கம் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்களூர் ரயில் நிலையத்தில் ரயில் நின்று பல காலம்.
நடைமேடை மட்டும் அத்தனை நீளம்.
அங்கே போய் உட்கார்ந்து
பசி வந்தால் எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன்.
முதலில் வந்தது தாகம். அப்புறம் தூக்கம்.
ஒரு மதியம் தனிமை வந்தது,
பசியென்று நினைத்துச் சூப் கொடுத்தேன்.
சூப்பும் நன்றாகத்தான் இருந்தது.

உடம்பு கனத்தது.
சீருடையை ஓர் அளவு பெரிதாக வாங்கினேன்.
அஞ்சலகத் தரை உள்வாங்கவில்லை.
சில காலைகளில் கண்ணாடியில் இன்னும் எண்கள் வருகின்றன,
முத்திரை குத்தாமல் அனுப்பிவிடுகிறேன்.

நேற்று குளிர்கோட்டின் பையில்
நசுங்கிய தயிர்க்கட்டி ஒன்று கிடைத்தது. எப்போது வாங்கியது?
மறந்திருக்கிறேன்.
நான், மறந்திருக்கிறேன்.

இரவு ரொட்டி வெட்டினேன், கத்தி போன தடிமனுக்கு.
வெண்ணெய், உப்பு மீன், நறுக்கிய வெங்காயத்தாள்.
தட்டில் ஒரு வாய் மிச்சம்.
போதும் என்றது ஒரு குரல்.
யாரென்று திரும்பிப் பார்த்தேன்.
சமையலறையில் வேறு யாரும் இல்லை.