இரண்டேகால் கிலோ

ஹம்மர்ஃபெஸ்டில் காற்று
கதவைத் தட்டாது, தோளால் இடிக்கும்.
நவம்பர் முடிவதற்குள் சூரியன் போய்விடும்,
ஜனவரிக் கடைசியில்
கடன்காரன் போல எட்டிப் பார்க்கும்.

இந்த ஊருக்கு
இரண்டேகால் கிலோ நாயைக் கொண்டுவந்தவள் ஓஷில்.
ஸ்மூலே என்று பெயர் வைத்ததும் அவள்தான்.
ரொட்டித் துகள் என்று பொருள்.
ஒன்பதாம் நாள் ஹெலிகாப்டர் ஏறினாள்.
கடல் நடுவே எரிவாயு மேடையில் இரண்டு வாரம்,
பிறகு நான்கு வாரம் வீடு.

"வெளியேதான்," என்றாள் போகும்போது.
"சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், ஆடி முடித்ததும்,
புயலானாலும் வெளியேதான்."
தலையாட்டினேன்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
முதல் இரவே துறைமுகச் சாலையில்
காற்று அவனைப் புரட்டிவிட்டது,
கயிற்று நுனியில் ஒற்றைக் கையுறை மாதிரி.

மறுநாள் வாங்கினேன், ஐம்பது வெள்ளை விரிப்புகள்.
துவைக்கும் இயந்திரத்தின் பக்கம் ஒன்றைப் போட்டு
அவன் நனைத்த காகிதத்தை அதன்மேல் வைத்தேன்,
முகவரி எழுதுவது போல.
மோந்தான், மூன்று சுற்றுச் சுற்றினான்,
என் செருப்பில் போனான்.

ஒரே ஒரு முறை அதட்டினேன்.
அதிலிருந்து அவன் கற்றது:
இந்த ஆள் பார்க்கும்போது போகக்கூடாது.
ஒரு வாரம் சோபாவின் பின்புறத்தை
முழங்காலிட்டுத் துடைத்தேன்.
பிறகு அதட்டவில்லை.
சரியான இடத்தில் போனால் ஒரு துண்டு காட் மீன்.
பத்தாம் நாள் அவனே நடந்து போனான்,
அலுவலகம் போகிறவன் மாதிரி.

ஓஷில் வந்தாள். வாசலிலேயே மோப்பம் பிடித்தாள்.
விரிப்புக் கட்டைப் பரணில் ஏற்றினாள்.
சண்டை ஒன்றும் இல்லை.
நாங்கள் இருவரும் பாத்திரங்களைக்
கொஞ்சம் ஓசையாக வைக்கிறவர்கள், அவ்வளவுதான்.
அவனுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி
நாளைக்கு ஆறு தடவை இறங்கினாள்.

அவள் இருந்தால் வெளியே,
நான் இருந்தால் உள்ளே.
அவன் இடத்தைப் படிக்கவில்லை,
ஆளைப் படித்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் புயல், ஹெலிகாப்டர் இல்லை.
அவள் போய்விடுவாள் என்று நம்பி
முன்னிரவே நான் விரிப்பைப் போட்டிருந்தேன்.
அவள் கழுத்துக் கயிற்றோடு கதவருகே நின்றாள்.
ஸ்மூலே நடுவில்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
நான்கு கால் இருந்தும்
எதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.
அவளைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
பதினொரு மணி நேரம், ஒரு சொட்டு இல்லை.

"வயிறு வலிக்குமே," என்றாள்.
"வலிக்கும்," என்றேன்.
அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

காற்று தணிந்ததும்
விரிப்பை அவள் எடுத்தாள், கயிற்றை நான் பிடித்தேன்.
முற்றத்துப் பனிமேல் விரித்து
இரண்டு கல் வைத்தோம்.
தணிந்தது போல் நடித்த காற்று ஒரு முனையைத் தூக்கியது,
பிறகு முழுவதையும்.
கார்களைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி
கடலுக்கே போய்விட்டது.

ஸ்மூலே அதைப் பார்த்தான்.
பிறகு கீழே பார்த்தான்.
காலடியில் வெள்ளை, வேலிவரை வெள்ளை,
ஊர் முழுக்க விரித்துப் போட்டிருக்கிறது.
உட்கார்ந்தான்.
ஆவி எழுந்தது, நின்றபாடில்லை.
கையுறையோடு நாங்கள் கைதட்டினோம்,
தலையணையை அடிக்கிற சத்தம்.
கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த அஸ்பியோர்ன்
நிமிர்ந்து பார்த்துவிட்டு
மறுபடி சுரண்டினார்.

மறுநாள் அவள் பறந்துவிட்டாள்.
இரவு இரண்டு மணிக்கு
என் காதருகே ஈர மூக்கு.
விரிப்பைக் காட்டினேன்.
அதைச் சுற்றிக்கொண்டு போய்
ஓஷிலின் காலணி இருந்த வெற்றிடத்தை மோந்து
கதவைப் பார்த்து உட்கார்ந்தான்.

அவளுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
மேலங்கிக்குள் அவனைப் போட்டுப் பொத்தானிட்டு இறங்கினேன்.
நாற்பத்தெட்டுப் படி.
இதற்குமுன் எண்ணியதில்லை.