சுருக்கக் கறுப்பு

பானெட்டைத் தூக்கினால்
முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டும்தான்.
ஆறு சிலிண்டர்,
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று,
பக்கத்துக்கு ஒரு டேப்பெட் கவர்.

எண்பத்திரண்டில் வார்த்தது.
மர்சேயில் கப்பலேறி வந்த பிறகு
வைத்திக்குப்பத்து உப்புக்காற்று
பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து
கொப்புளம் கொப்புளமாகக் குடியேறிவிட்டது.
நகத்தால் சுரண்டினேன்.
வெள்ளை மாவு உதிர்ந்தது.

தம்பி திருப்பித் தராத கடனுக்கு
ஈடாக வந்த வண்டி அது.
"ஓடுறது அப்புறம்.
முதல்ல திறந்து பார்த்தா
கோபம் வராத மாதிரி செய்" என்றார்
பெர்னதெத் மேடம்.
லிசேயில் முப்பது வருஷம் வேதியியல்.

பதினாறு போல்ட். பதினைந்து வந்தது.
பதினாறாவது
கழுத்து முறிந்து உள்ளேயே நின்றது.
அதற்கு ஒரு முழு நாள், இரண்டு டிரில் பிட்,
வெளியே சொல்ல முடியாத சில வார்த்தைகள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில்
என் ஷெட்டுக்கு இரண்டு ஷெட் தள்ளி
இரும்பு கேட்டுகளுக்குப் பெயின்ட் உரிக்கும்
காஸ்டிக் சோடாத் தொட்டி.
அதில்தான் இறக்கினேன் இடது கவரை.

எனக்குத் தெரியாதா?
தெரியும்.
அலுமினியத்தைக் காஸ்டிக் தின்னும் என்று
நானே நாலு பேரைத் திட்டியிருக்கிறேன்.
சனிக்கிழமை சாயங்காலம், கரன்ட் இல்லை,
மணிக்கட்டு விட்டுப்போயிருந்தது,
இரண்டு நிமிஷம்தானே என்று
டீக்கடைக்குப் போனேன்.
அங்கே யாரோ சீட்டுக் கம்பெனி ஓடிப்போன கதையை
ஆரம்பத்திலிருந்து சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது
அடுப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது தொட்டி.

கம்பியால் தூக்கினேன்.
பெயின்ட் போயிருந்தது, சுத்தமாக.
கூடவே கொஞ்சம் கவரும்.
அம்மை ஆறிய கன்னம்.

வலது கவரை நாலு நாள்
பிரஷ்ஷும் பல்குச்சியுமாக
கையாலேயே உரித்தேன்.
அதைப் பரிகாரம் என்று யாராவது சொன்னால்
சொல்லிக்கொள்ளட்டும். பயம்தான்.

பிறகு சுருக்கக் கறுப்பு.
கிடையாக ஒரு கோட், நெடுக்காக ஒன்று,
குறுக்கே ஒன்று, தாராளமாக.
கஞ்சத்தனம் பண்ணினால் வழவழவென்று நின்றுவிடும்,
சுருங்காது.
கத்திரி வெயில். தகரக் கூரை மேல்
இரண்டையும் ஏற்றிவிட்டு
ஏணியிலேயே நின்றேன்.
பாலில் ஆடை கட்டுகிற மாதிரி
முதலில் ஓர் ஓரம் இழுத்தது,
அப்புறம் நடுவே ஒரு நெளி,
அப்புறம் எல்லாம் ஒரே சமயத்தில்.

குழிகள் காணோம்.
கம்பெனிக்காரனும்
வார்ப்பில் விழுந்த ஓட்டையை மூடத்தான்
இந்தக் கறுப்பைப் பிடித்திருப்பான்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி
எழுத்துகளின் தலையை மட்டும் தேய்த்தேன்.
கறுப்பிலிருந்து வெள்ளி எழுந்தது.
வலதில் நிமிர்ந்து நின்றது.
இடதில் ஒரு மயிரிழை தாழ்வு.

மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
பார்க்கவில்லை, தடவினார்.
வலது. இடது. மறுபடி வலது.
"சோடாவா?"

பேசாமல் நின்றேன்.

"எத்தனை நிமிஷம்?"
"பத்து இருக்கும்."
"ஹைட்ரஜன் வந்திருக்குமே.
பீடி கீடி பத்த வைக்கலையே?"

பில்லில் அதைத் தனி வரியாக எழுதச் சொன்னார்:
காஸ்டிக் சோடா, பத்து நிமிடம்.
தொகைக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார்.
தம்பிக்கு நகல் ஒன்று அனுப்புவாராம்,
ஏன் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட் செய்தோம்.
இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது.
அடியில் விரித்த அட்டையில்
அரை மணி கழித்து ஒரு சொட்டு எண்ணெய்.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வலது பக்கம்.